ஏடு முழுவதையும் படியுங்கள்!

காரைநகரிலுள்ள கடற்படைத் தளத்துக்கு எல்லாளன் பெயர். 1962ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தரைப்படைப் பிரிவொன்றுக்குக் கெமுனுவின் பெயர். போர்க்களத்தில் எதிர்நின்ற இரு மன்னர்க்கும் ஒரே அரசின் பெயர்ப்பலகைகளில் இடம் கிடைத்துவிட்டது. மக்கள் மனத்தில் மட்டும் அவர்கள் இன்னும் போரிட்டுக்கொண்டே இருக்கின்றனர். இது ஏன்?

அப்போர் நடந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில். அதைப் பெருங்காவியமாக்கிய மகாவம்சமோ ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிந்தியது. போரில் மாண்டோரை எண்ணித் துட்டகைமுனு துயருறுகிறான். பியங்குதீபத்து அரகந்தர் எண்மர் வந்து, மாண்டோருள் மனிதராக மதிக்கத்தக்கவர் ஒன்றரைப் பேரே, மற்றையோர் விலங்குக்கு ஒப்பானவர் எனத் தேற்றுகின்றனர். அத்தீபம் நம் அயலிலுள்ள புங்குடுதீவே எனக் கருதுவோரும் உளர்.

இக்கதை பழங்காலத்தோடு நின்றுவிட்டதா? 2009இல் போர் முடிந்ததும், அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச புதிய துட்டகைமுனு எனப் போற்றப்பட்டார். 2017 ஒக்டோபரில், ரோகிங்யா மக்கள் இலட்சக்கணக்கில் துரத்தப்பட்ட வேளையில், மியன்மாரின் மூத்த பிக்கு சித்தகு சயதோ படையினர் முன் எடுத்துரைத்ததும் இதே ஒன்றரை மனிதர் கதைதான். மெக்சிக்கோவை வென்ற ஸ்பானியர், அஸ்தெக் மக்களின் நரபலியை மிகைப்படுத்தி எழுதித் தம் வாளுக்கு நியாயம் தேடினர். எதிரியை மனிதனல்லன் என்று காட்டிவிட்டால், கொலை குற்றமாகத் தோன்றுவதில்லை!

ஆயினும் அதே மகாவம்சம், எல்லாளன் நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே நீதி வழங்கி நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்டான் என்கிறது. கன்றைக் கொன்ற தேரோட்டத்துக்காகத் தன் மகனையே தண்டித்தான் என்கிறது. அவன் சமாதியைக் கடக்கையில் வாத்தியம் ஒலித்தலாகாது என வென்றவனே ஆணையிட்டதையும் சொல்கிறது. மேடைகளில் இவை ஒலிப்பதுண்டா?

பிறரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்கவேண்டும். சோழரின் புலிக்கொடியைப் பாடும் நம் மேடைகள், 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டதையும், விகாரைகள் கொள்ளையிடப்பட்டதாகச் சூளவம்சம் கூறுவதையும் சொல்வதுண்டா? வெற்றியை மட்டும் நமதென்று எடுத்துக்கொண்டு, அழிவுக்குப் பொறுப்பில்லை என்பது நேர்மையாகாது.

பாடநூல்கள் இரு மொழியிலும் இவற்றை முழுமையாகச் சொல்லவேண்டும். எல்லாளனின் மணியைச் சிங்களச் சிறுவன் அறியட்டும். சோழர் சூறையைத் தமிழ்ச் சிறுவன் அறியட்டும்.

மணியாசனத்துக்காகப் போருக்கெழுந்த நாக மன்னர் இருவரைப் புத்தர் சமாதானப்படுத்தினார் என்பதும் மகாவம்சக் கதையே. அதை நினைந்து தென்னிலங்கை யாத்திரிகர் ஆண்டுதோறும் நயினாதீவுக்குப் படகேறுகின்றனர். ஒன்றரை மனிதர் கதையை நினைவில் வைத்திருப்போர், வாள்கள் உறைக்குத் திரும்பிய இக்கதையையும் நினைவில் வைப்பாராக!