அறுவை வீதியும் கூலாய்க் கழிவுக் கடைகளும்

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் நோக்கிச் செல்வோர், கூலாய் நகரை அடுத்த இண்டாபுராவில் ஒரு வணிக வளாகத்தைக் காண்பர். 'ஜொகூர் பிரிமியம் அவுட்லெட்ஸ்' என்பது அதன் பெயர். கெந்திங் குழுமமும் அமெரிக்காவின் சைமன் நிறுவனமும் கூட்டாக அமைத்த அவ்வளாகம் 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பெற்றது. தென்கிழக்காசியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. கோச், மைக்கேல் கோர்ஸ், கால்வின் கிளைன் முதலிய மேலைநாட்டுப் பெயர்கள் அங்குக் கதவுக்குக் கதவு ஒளிர்கின்றன. சிங்கப்பூரிலிருந்து பாலங்கடந்து வருவோரும், கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் இறங்குவோரும் பைகளைச் சுமந்தவாறு அங்கு உலவுகின்றனர். அவர்களுள் தமிழர் பலர், தமிழாசிரியரும் உளர்.

தம் பணத்தில் தாம் விரும்பியதை வாங்குவோரைக் குறைகூற எவர்க்கு உரிமை உண்டு என்று சிலர் கேட்பர். பத்துப் பொருள் விலைக்குறைவாகக் கிடைத்தால் நடுத்தரக் குடும்பத்திற்கு நன்மைதானே என்றும் சொல்வர். இவ்வாதங்களை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால், விலை குறைவு என்பது எதனைக் கொண்டு அளக்கப்படுகிறது என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. மாணவர்க்கு விழுக்காட்டுக் கணக்குக் கற்பிக்கும் ஆசிரியரே கடைக்குள் நுழைந்ததும் அக்கணக்கை வாயிலில் விட்டுச் செல்வதுதான் வியப்பு.

ஒரு கைப்பையின் மீது 2,400 ரிங்கிட் என்று அச்சிட்டு, அதைக் கோடிட்டு அடித்து, 60 விழுக்காடு கழிவு போக 960 ரிங்கிட் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோர், 1,440 ரிங்கிட் மிச்சமாயிற்று என்று மகிழ்வர். உண்மையில் அவர்கள் கையை விட்டுப் போனது 960 ரிங்கிட். மலேசியாவில் 2025-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். அதனைப் பெறும் தொழிலாளி ஒருவரின் பாதி மாத உழைப்பினும் மிகுந்த தொகை ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. 70 விழுக்காடு கழிவின்மேல் மேலும் 20 விழுக்காடு என்றால் 90 விழுக்காடு என்று எண்ணி வரிசையில் நிற்போரும் உண்டு. அது 76 விழுக்காடே என்பதை ஆறாம் ஆண்டு மாணவன் சொல்லிவிடுவான்.

அந்த 2,400 ரிங்கிட் எங்கிருந்து வந்தது? இக்கடைகளின் பிறப்பை அறிந்தால் இவ்வினாவின் கூர்மை விளங்கும். அமெரிக்காவில் ஆலைகள் தம் வாயிலருகே குறையுள்ள ஆடைகளையும் எஞ்சிய ஆடைகளையும் குறைந்த விலைக்கு விற்று வந்தன. 1970-களில் பென்சில்வேனியா மாநிலத்து ரெடிங் நகரில் அத்தகைய கடைகள் பெருகின. ஆலை அருகில் இருந்தது. குறை கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் விலை குறைந்தது. அங்கு ஒளிவுமறைவு இல்லை. பின்னாளில் பெயர் மட்டும் நிலைத்துப் பொருள் மாறியது. எஞ்சியவை போதாமற் போகவே, கழிவுக் கடைகளுக்கென்றே தனியாக ஆடை தைக்கும் வழக்கம் பரவியது. 2014 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் நால்வர், இவ்வாறு தரம் குறைத்துத் தைக்கப்பெறும் பொருள்களைக் கொண்டு மக்கள் ஏமாற்றப்படுகின்றனரா என ஆராயுமாறு அந்நாட்டு வணிக ஆணையத்திற்கு எழுதினர். மறு ஆண்டில் மைக்கேல் கோர்ஸ் நிறுவனம், ஒருபோதும் விற்கப்படாத விலையைத் தன் கழிவுக் கடைச் சீட்டுகளில் அச்சிட்டதாக அமெரிக்காவில் தொடுக்கப்பெற்ற வழக்கை, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, ஏறத்தாழ 49 இலட்சம் டாலர் தந்து முடித்துக்கொள்ள இசைந்தது. கூலாய்க் கடைகளிலும் அதுவே நடக்கிறது என்று சான்றின்றிக் கூறுதல் அறமன்று. எனினும் ஆலையே இல்லாத ஊரில் ஆலைக்கடை இருக்குமானால், கேட்க வேண்டியதைக் கேட்பது வாங்குவோர் கடமை.

சிங்கப்பூரிலிருந்து வருவோர்க்கோ கழிவின்மேல் மற்றொரு கழிவு உண்டு. 1973-ஆம் ஆண்டு வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அவர்கட்கு மலிவாய்த் தோன்றுவது கூலாய்வாசிக்கு மலிவன்று. ஒரே சீட்டு, இருவர்க்கு இரு விலை.

இனி, கூலாயின் மண்ணை நோக்குக. வளாகம் எழுந்த இண்டாபுரா, தோட்ட நிறுவனம் ஒன்று தன் நிலத்தில் உருவாக்கிய நகர்ப்பகுதி. 1980-இல் தோட்டத்தொழிலில் இறங்கிய கெந்திங், பின்னர்த் தன் தோட்ட நிலங்களிற் சிலவற்றை வீடும் கடையுமாக மாற்றியது. இது கூலாய்க்கு மட்டும் உரிய கதையன்று. ரப்பர் செம்பனையாகி, செம்பனை நகராகிய மாற்றம் ஜொகூர் எங்கும் நிகழ்ந்தது. பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி என்று தமிழர் கட்டி எழுப்பிய சிற்றூர்கள் அம்மாற்றத்தில் கரைந்தன. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லாடாங்கைத்தான் காணோம். வளாகத்தினால் வேலைவாய்ப்புப் பெருகியது என்பர். பெருகியதுதான். மூன்று தலைமுறை பால்வெட்டிய மண்ணில் நான்காம் தலைமுறை விற்பனைப் பணியாளராக நிற்பதை முன்னேற்றம் என்று கொள்வோர் கொள்ளட்டும். ஆயின், அம்மண்ணின் வரலாற்றைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர், அங்குச் சென்று திரும்பும்போது கையில் ஒரு பையும் வாயில் ஒரு விலையும் மட்டுமே கொண்டு வருவது தகுமா?

பண்டைத் தமிழர் அங்காடியை வெறுத்தவர் அல்லர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரை வீதிகளில் சுற்றுகிறான். கையிற் பொருளில்லாதவன், சிலம்பை விற்று வாழ வந்தவன், அயலூர்க் கடைத்தெருவின் செல்வத்தைக் கண்டு மகிழ்கிறான். பயணத்தில் கடைவீதி காணும் இன்பத்திற்கு அதனினும் பழைய சான்று தேடவேண்டுவதில்லை. அங்கே அவன் காணும் அறுவை வீதியில் பருத்தி நூலாலும், மயிராலும், பட்டு நூலாலும் நெய்த துணிகள் மடித்து அடுக்கப்பட்டுள்ளன. அவ்விடத்துக்கு உரையெழுதிய அடியார்க்கு நல்லார் முப்பதுக்கு மேற்பட்ட ஆடை வகைகளைப் பெயர் சுட்டி அடுக்குகிறார்: கோசிகம், பீதகம், பச்சிலை, அரத்தம், சித்திரக்கம்மி, தேவாங்கு, குச்சரி, தேவகிரி என்று அவ்வரிசை நீளுகிறது.

அப்பெயர்களை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். பீதகமும் அரத்தமும் நிறத்தைச் சொல்லுகின்றன. கோசிகம் பட்டைச் சொல்லுகிறது. சித்திரக்கம்மி வேலைப்பாட்டைச் சொல்லுகிறது. குச்சரியும் தேவகிரியும் ஊரையும் நாட்டையும் நினைவூட்டுகின்றன. துணியின் பெயரைக் கேட்டவுடன் அது எத்தகையது என்று வாங்குவோன் ஒருவாறு அறிவான். இன்றைய கூலாய்க் கடைப் பெயர்கள் எதனைச் சொல்லுகின்றன? பருத்தியா, நெகிழி இழையா, எவ்வூரில் நெய்தது, எவர் தைத்தது என எதுவும் அப்பெயரில் இல்லை. முதலாளியின் பெயர் ஒன்றே உள்ளது. அப்பெயருக்கே விலை. துணி அப்பெயரைத் தாங்கும் பலகை.

மலேசியர்க்கு நெருங்கிய சான்றும் உண்டு. மலாய் மக்கள் நாள்தோறும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காட்டின் பெயரே அது. துறைமுகம் தூர்ந்தபின்னும் மற்றொரு மொழியில் துணியாய் வாழ்கிறது அவ்வூர். அவ்வகைக் கட்டத்துணியே 1958-இல் அமெரிக்கா சென்றது. 'மெட்ராஸ்' என்னும் பெயரால் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாயிற்று. துவைத்தபோது சாயம் கரைந்தது, வாங்கியோர் சினந்தனர். வணிகர் என்ன செய்தனர்? சாயம் கரைவதே இத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து, அக்குறையையே உயர்வாக விற்றனர். பெயரின் ஆற்றல் அத்தகையது. ஏழை மீனவன் உடுத்தினால் கைலி. செல்வர் கடையில் தொங்கினால் புதுப்பாணி.

தமிழ்நாட்டுத் திருப்பூர் இன்று உலகிற்குப் பின்னலாடை தருகிறது. 2011 ஜனவரி இறுதியில், நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில்தான் கூலாய் வளாகம் திறந்தது. இரண்டிற்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால், ஒன்று மறைந்திருப்பதாலேயே மற்றொன்று ஒளிர முடிகிறது. கழிவு விலை என்று கடை சொல்லும்போது, நொய்யலில் கலந்த கழிவை எவரும் எண்ணுவதில்லை. 2021-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆடை ஆலையொன்றிற் பணிபுரிந்த இளம்பெண் ஒருத்தி கொலையுண்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதன்பின் தொழிலாளர் சங்கம் விடாது போராடி, 2022-இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்னும் உடன்பாட்டை ஏற்கச் செய்தது. ஆலையில் பெண்கள்மீது வன்முறை நிகழாது காக்கும் பொறுப்பு, ஆடை வாங்கி விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் உண்டு என்பதே அதன் சாரம். அதில் கையொப்பமிட்டவற்றுள் ஒன்று பிவிஎச் நிறுவனம். கால்வின் கிளைன் என்னும் பெயருக்கு உரிமையுடையது. கூலாயில் அப்பெயர்ப்பலகையின் கீழ் நுழையும் தமிழர் எத்தனை பேர்க்கு இது தெரியும்?

அப்படியானால் தமிழர் அனைவரும் கைத்தறி உடுத்திக் கடைப்பக்கம் தலைவைக்காமல் இருக்க வேண்டுமோ என்று ஏளனம் செய்வாரும் இருப்பர். கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையைத் தலையிற் கட்டும் தமிழ் வணிகரும் இருக்கத்தான் செய்கின்றனர். நோய் மேலைநாட்டாரிடம் மட்டும் இல்லை. வேண்டப்படுவது துறவன்று, எழுத்தறிவு. செய்யுளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்கப் பழக்கும் தமிழாசிரியர், ஆடையின் உட்புறம் தைத்த சிறு துண்டில் உள்ள நான்கு சொற்களைப் படிக்கப் பழக்குவது அரிதா? எந்த நாட்டில் செய்தது, எத்தனை விழுக்காடு பருத்தி, தையல் இரட்டையா ஒற்றையா என்பவை கணிதமும் அறிவியலும் புவியியலும் வரலாறும் சேர்ந்த பாடம். கல்விச் சுற்றுலா நிரலில் இத்தகைய வளாகத்திற்கு மூன்று மணிநேரம் ஒதுக்குவோர், அதில் அரைமணியேனும் இதற்குத் தருதல் கூடும். பேருந்து புறப்படுமுன் ஊர்காண் காதையில் அறுவை வீதிப் பகுதியைப் படித்துவிட்டு வரச் சொல்லலாம். அடியார்க்கு நல்லார் தந்த பெயர்களை ஒரு தாளில் எழுதி மாணவர் கையில் கொடுத்து, கடைகளில் காணும் ஆடைகளுக்கு அவ்வாறே நிறத்தாலும் நூலாலும் ஊராலும் பெயரிடச் சொல்லலாம். ஊர்ப்பெயர் எழுத வேண்டிய இடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே திரும்பி வரும். வகுப்பில் பேசுவதற்கு அவ்வெற்றிடமே போதும்.