திருநள்ளாறும் காவலூரும்: ஒரு வாட்ஸ்அப் சண்டையின் மிச்சம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு சின்னச் சண்டை. ஆரம்பித்தவன் நான்தான். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று விடுகின்றன, நாசாவே வியந்து போய்விட்டது என்று ஒரு செய்தி வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சனிப்பெயர்ச்சி வந்தால் இதுவும் கூடவே வந்துவிடும். இந்த முறை அனுப்பியவர் என்னிடம் அறிவியல் படித்தவர். மனம் கேட்கவில்லை. "தம்பி, இது பொய்" என்று எழுதினேன்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு பதில்கள். ஒன்று, "சார், நீங்க நாத்திகர் ஆயிட்டீங்களா?" இரண்டாவதுதான் சுட்டது. "சார், நிலாவிலிருந்து பார்த்தா சீனப் பெருஞ்சுவர் தெரியும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

ஆமாம், சொல்லிக் கொடுத்தேன். ஏதோ ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் படித்ததைப் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வினாடி வினாவில் கேட்டு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறேன். 2003-இல் விண்வெளிக்குப் போன சீன வீரர் யாங் லிவெய் திரும்பி வந்து, தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் பறந்தது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான். நிலாவோ 3,84,000 கிலோமீட்டர். ஆறு மீட்டர் அகலச் சுவரை அங்கிருந்து பார்ப்பது, ஒரு தலைமுடியை நாலு கிலோமீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பது மாதிரி. இந்தக் கணக்கைப் போட ராக்கெட் வேண்டாம், ஒரு சிலேட்டு போதும். நான் போடவில்லை. அச்சில் இருந்தது, நம்பினேன். அந்த மாணவர் கேட்டதில் தப்பே இல்லை.

முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் ஒத்துழைத்த வரை ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறியவன் நான். திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் குளித்து எள் தீபமும் போட்டிருக்கிறேன். கும்பிடுகிறவனுக்குச் சாமி போதும். சனீஸ்வரனுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு?

இனி அந்த மூன்று விநாடி. வகுப்பில் தண்ணீர் வாளியைத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டுவேனே, ஞாபகம் இருக்கிறதா? வேகமாகச் சுற்றும்வரை ஒரு சொட்டு சிந்தாது. கை நின்றால் தலை நனையும். செயற்கைக்கோளையும் வேகம்தான் விழாமல் வைத்திருக்கிறது. தாழ்வாகச் சுற்றுபவை விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. மூன்று விநாடி நின்றுவிட்டால் மறுபடி அந்த வேகத்துக்குத் தள்ளிவிட இன்னொரு ராக்கெட் வேண்டும். நாள் முழுக்க நிற்பது போலத் தெரியும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. உங்கள் மாடி டிஷ் அசையாமல் பார்த்துக் கொண்டிருப்பது அப்படி ஒன்றைத்தான். அவை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பவை. திருநள்ளாறு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 11 டிகிரி வடக்கே இருக்கிறது.

சனியைப் பற்றி வியக்க வேண்டுமானால் உண்மையிலேயே விஷயம் இருக்கிறது. 2025 மார்ச்சில், திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி நடந்த அதே மாதத்தில், சனிக்கு 128 புதிய நிலவுகள் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தன. மொத்தம் 274. தைவானிலிருந்து வேலை செய்யும் ஒரு விஞ்ஞானியின் குழு, ஹவாய் தீவில் உள்ள தொலைநோக்கியில் வருடக்கணக்கில் படம் எடுத்து, மங்கலான புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்துப் பிடித்தது. எங்கள் குழுவில் இதை ஒருவரும் அனுப்பவில்லை.

நம் முன்னோர் கணக்கையும் சொல்ல வேண்டும். சனி சூரியனை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 29½ வருடம். 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்குச் சுமார் இரண்டரை வருடம். மூன்று ராசிக்கு ஏழரை. தொலைநோக்கி இல்லாமல், தலைமுறை தலைமுறையாக வெறும் கண்ணால் பார்த்து எடுத்த கணக்கு இது. பெருமைப்பட இது போதாதா?

இன்னொரு பெருமை காவலூர். திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடக்க வேண்டியிருந்தது. காவலூரில் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்துக் கொண்டிருந்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராத நேரத்தில் சில விநாடி மங்கியது. யுரேனஸுக்கு ஒரு புதிய நிலவு என்று நினைத்து அப்படியே எழுதினார்கள். அதே நிகழ்ச்சியை அமெரிக்கர்கள் விமானத்தில் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு இந்துமாக்கடல் மேல் பறந்து பார்த்தார்கள். கோளின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல தடவை ஒளி மங்கியதைக் கண்டு, அது வளையம் என்று சொன்னவர்கள் அவர்கள். காவலூர் பதிவும் அந்த வளையங்களால் வந்ததே என்று பிறகு தெளிவானது. ஆகவே "யுரேனஸ் வளையத்தைக் கண்டுபிடித்தது தமிழ்நாடு" என்று நாளைக்கு யாராவது அனுப்பினால் அதுவும் அரைப் பொய்தான். உண்மையை உள்ளபடி சொன்னாலே அழகாக இருக்கிறது. ஜவ்வாது மலையில் இருந்த ஒரு கருவி, பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வளையத்தின் நிழலைப் பிடித்தது. பிடித்தவர்கள் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். பிறகு சரியானது.

எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. "நிலவில் நீர் இல்லை" என்று எத்தனையோ வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைய பாடம் அது. 2008 அக்டோபர் 22-இல் போன சந்திரயான்-1-இல் இருந்த நாசாவின் கருவி, நிலவு மண்ணில் நீரின் அடையாளத்தைக் கண்டதாக 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். குளம் குட்டை இல்லை, மண்ணோடு ஒட்டிய மூலக்கூறுகள். மறுநாள் வகுப்பில், "போன வாரம் நான் சொன்னதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி, சாருக்கே தப்பு என்று. சீனச் சுவருக்கு மட்டும் அந்தத் திருத்தத்தை நான் சொல்லவே இல்லை.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 இறங்கியதைத் தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு அது அளந்து அனுப்பியதை எத்தனை பேர் படித்தோம்? தரையில் ஒரு வெப்பமானியைக் குத்தி இறக்கினார்கள். மேற்பரப்பில் 50 டிகிரி அளவில் சூடு. 8 சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10. நாலு விரற்கடை ஆழத்துக்குள் சித்திரை வெயிலும் ஐஸ்பெட்டியும்! அந்த மண் சூட்டைக் கீழே மிகக் குறைவாகவே கடத்துகிறது என்று அர்த்தம். அந்த வண்டி இறங்கிப் பழக நிலவு மண் போல ஒன்று தேவைப்பட்டபோது, அதற்கான பாறை கிடைத்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம்.

ஒரு வருத்தமும் உண்டு. நானே நாலைந்து முறை பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன். ஏரி, தூண் பாறை, சாக்லேட் கடை. 1899-லிருந்து அங்கே இருக்கும் சூரிய ஆய்வகத்துக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை 1909-இல் எவர்ஷெட் கண்டுபிடித்த இடம் அது. ஆதித்யா எல்-1-இன் முக்கியக் கருவியைச் செய்ததும் அந்த ஆய்வகத்தை நடத்தும் நிறுவனமே. திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, அடுத்த சுற்றுலாவில் சாக்லேட் கடையில் அரை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குழுவில் எது வந்தாலும் ஒன்றைத்தான் கேட்கிறேன். யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள்? பதில் இருந்தால் நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன். என் பழைய பாடங்களில் இன்னும் என்னென்ன தப்பு இருக்கிறது என்று எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்த மாணவர் நேற்று போன் செய்தார். "சார், அதை அழிச்சிட்டேன். ஆனா எங்க சித்தப்பா அதுக்குள்ள பதினோரு குரூப்புக்கு அனுப்பிட்டார்" என்றார்.