ராடாரின் கண்ணும் மனிதனின் கண்ணும்

1978-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17-ஆம் நாள், டில்லி மாநகரின் வடபகுதியில், பல்கலைக் கழகத்தை அடுத்த இடங்களில் ஒரு சுழற்காற்று புகுந்து சென்றது. அது சில நிமிடங்களே நீடித்தது. ஒடுங்கிய பாதையொன்றிலேயே சென்றது. எனினும் 28 பேர் மாண்டனர்.

இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை போல் தொங்கித் தரையைத் தொடும் இக்காற்றை மேனாட்டார் டொர்னேடோ என்பர். இந்தியாவில் இது அரிது, ஆயினும் இல்லாததன்று. கோடையின் தொடக்கத்தில் கிழக்கு மாநிலங்களில் எழும் கால்பைசாகி இடிப்புயல்களுடன் இது தோன்றுவதுண்டு. 2024-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் இத்தகைய காற்று உயிர்களைக் கொண்டது. அண்டை நாடான வங்க தேசத்தில், 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் வீசிய சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மடிந்தனர்.

இவ்வபாயத்தை முன்னறிய ராடார் பெருந்துணையாகும் என்பதில் ஐயமில்லை. 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், மழையை அளக்க இயங்கி வந்த ஒரு ராடாரின் திரையில், சுழற்காற்றுடன் கூடிய புயலொன்று கொக்கி வடிவில் தென்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் இந்திய வானிலைத் துறை தன் முதல் புயல் காணும் ராடாரை நிறுவியது. 2002-ஆம் ஆண்டு சென்னையில் டாப்ளர் ராடார் இயங்கத் தொடங்கியது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகும்போது தணிந்தும் கேட்பதைப் போல, மழைத் துளிகள் ராடாரை நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பதை அது அறியும். நெருங்குவனவும் விலகுவனவும் அடுத்தடுத்துத் தோன்றினால், அங்கே மேகம் சுழல்கிறது என்று பொருள்.

இத்தகைய கருவி கைவந்தபின் தரையிலிருந்து எழுதியனுப்பும் குறிப்புகள் எதற்கு என்று கேட்போர் உளர். இக்கருத்து தவறானது, ஆபத்தானதுங்கூட.

ராடாரின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது; பூமியோ வளைந்தது. அரைப் பாகை உயர்த்திச் செலுத்தப்பட்ட அலைக்கற்றை, 100 கிலோமீட்டர் தொலைவில், தரைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்லும். ஒரு பாகை அகலமுள்ள கற்றை அவ்விடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பருத்துவிடும். சுழற்காற்றின் அகலமோ பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கும். ஆகவே தொலைவிலுள்ள ராடார் காண்பது மேகத்தினுள் நிகழும் பெருஞ்சுழற்சியையே. அச்சுழற்சி தரையைத் தொட்டதா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. மேலும், வானத்தைப் பல உயரங்களில் ஒருமுறை துருவி முடிக்க ராடாருக்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் ஒரு சுழற்காற்று தோன்றி மறைந்தும் போகலாம்.

அமெரிக்காவில் விடுக்கப்படும் சுழற்காற்று எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு, சுழற்காற்று நேராமலே கழிகின்றன. அதனால் அந்நாட்டார் ராடாரையும் கைவிடவில்லை, மனிதனையும் கைவிடவில்லை. 1970-களில் தொடங்கிய ஸ்கைவார்ன் என்னும் திட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெற்ற தொண்டர்கள், டாப்ளர் ராடார்கள் நாடெங்கும் நிறுவப்பட்ட பின்னரும், வானை நோக்கி நின்று செய்தி தருகின்றனர்.

இந்தியாவில் இப்பணியைச் செய்யத் தக்கவர் களப்பணியாளரும் கிராமப் பள்ளி ஆசிரியருமே. அவர்கள் செய்ய வேண்டுவது அரிதன்று. காற்று வீசிய நேரம் கடிகாரப்படி குறிக்கப்பட வேண்டும். அது வந்த திசை, ஆலங்கட்டியின் பருமன், சேதம் நேர்ந்த பாதையின் நீளம், அகலம் ஆகியன எழுதப்பட வேண்டும். மரங்கள் விழுந்து கிடக்கும் விதமும் முக்கியமானது. ஒடுங்கிய பாதையில் அவை வெவ்வேறு திசைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் சுழற்காற்று என ஐயுறலாம். ஓரிடத்திலிருந்து விசிறி போல் வெளிநோக்கிச் சாய்ந்திருந்தால், மேகத்திலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்த காற்றாகலாம். மரங்கள் அகற்றப்படுமுன் இவற்றைக் குறித்தல் நன்று. இக்குறிப்புகளை ராடார் பதிவுடன் ஒப்பிட்டால்தான், திரையில் கண்ட எந்த அடையாளம் மெய்யானது, எது பொய்த்தது என்பது விளங்கும்.

ஆசிரியருக்கு மற்றுமொரு கடமை உண்டு. ஒருமுறை எச்சரிக்கை பொய்த்ததென்று மறுமுறை அதை இகழ்தல் கூடாது என்பதை மாணவர்க்கு உணர்த்த வேண்டும். எச்சரிக்கை வந்ததும், தகரக் கூரையின் கீழும் மரத்தடியிலும் நில்லாமல், உறுதியான கட்டடத்தின் உள்ளறையில், சன்னல்களை விட்டு விலகியிருக்கப் பழக்க வேண்டும். புயலை ராடார் தொலைவிலேயே காட்டிவிடலாம். வகுப்பறையிலுள்ள பிள்ளைகளை உள்ளறைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர் அங்குள்ள ஆசிரியரே.