பத்து மீட்டருக்கு ஒரு சுவர்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் பலூன் சுடும் கடைகளும் வந்துவிடும். காசு கொடுத்தால் யாரும் சுடலாம். ஊர், தெரு, சாதி எதையும் கேட்கமாட்டார்கள். எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் முதல் போட்டிக்குத் தயாராகிறார்கள். அவர்களைச் சேர்க்க ஒரு கிளப்பின் வாசலுக்குப் போனோம். முதல் கேள்வி, "எந்த ஊர்?" அடுத்தது, "ஊருக்குள்ள எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்கு அவசியமே இருக்கவில்லை. விண்ணப்பப் படிவம் தீர்ந்துவிட்டதாம்!

போட்டிக்கான ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. சட்டம் வழிவிடுகிறது. வழிமறிப்பவை கிளப்பின் கதவும் காசும்தான். வெளிநாட்டு பிஸ்டல் ஒன்று லட்சத்தைத் தாண்டும். ஒரு டப்பாவில் 500 பெல்லட். நாளைக்கு 60 சுட்டால் எட்டு நாளில் காலி. 2008இல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா வீட்டிலேயே ரேஞ்ச் வைத்துப் பயின்றவர். 2012இல் வெண்கலம் வென்ற ககன் நாரங்குக்கு ரைபிள் வாங்க அவர் அப்பா நிலத்தை விற்றார். அந்தத் தகப்பனை மதிக்கிறோம். ஆனால் விற்பதற்கு நம் அப்பாக்களிடம் நிலம் எங்கே இருக்கிறது? 1892இல் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தையே இன்னும் மீட்டபாடில்லை.

"காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை, இதில் பிஸ்டல் ஒரு கேடா?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். இதே தென்காசி மாவட்டத்தில், 2022இல், பாஞ்சாகுளத்தில் நம் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்தான் ஒரு கடைக்காரன். ஊர்க் கட்டுப்பாடு என்றான். மிட்டாய் அத்தியாவசியப் பொருள் இல்லையே என்று அன்று நாம் யாராவது வாயை மூடிக்கொண்டோமா? பாதைக்கும் போராடுவோம், பிஸ்டலுக்கும் போராடுவோம். எது முதலில், எது பிறகு என்று நமக்கு வரிசை எழுதித் தரும் உரிமை எவருக்கும் இல்லை.

அம்மாக்களின் பயம் வேறு. அதை நாம் கேலி செய்ய முடியாது. துப்பாக்கி என்றதும் அவர்களுக்கு 2011 செப்டம்பர் 11 பரமக்குடிதான் ஞாபகம் வருகிறது. நம் பக்கம் நீட்டப்பட்ட துப்பாக்கியை மட்டுமே பார்த்தவர்கள் அவர்கள். ஒரு வீட்டில் பிஸ்டலைப் பெட்டியோடு கொண்டுபோய் வைத்து, இது காற்றால் இயங்குவது, குழலுக்குள் எப்போதும் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கும் என்று காட்டிய பிறகுதான் மகளை அனுப்பச் சம்மதித்தார்கள்.

இனி, முதல் போட்டிக்குப் போகிற தோழர்களுக்கு. பிஸ்டல் ஒரு கிலோ அளவில் இருக்கும். ஒற்றைக் கையில்தான் பிடிக்க வேண்டும். பிஸ்டல் கிடைக்காத நாளில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கையை நீட்டி நில்லுங்கள். அதற்கு எந்தக் கிளப்பின் அனுமதியும் வேண்டாம். பிஸ்டல் கிடைக்கும் நாளில், பெல்லட் போடாமல் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் செய்யுங்கள். கண் முன்சைட்டில் நிற்கட்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 சுட வேண்டும். அதற்கு முன் 15 நிமிடம் தயாரிப்புக்கும் சோதனைச் சுடுதலுக்கும். ஆக, ஒரு சுடுதலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. உயர்த்திய கை சில விநாடிகளில் நிலைக்கவில்லை என்றால் சுடாமல் இறக்கிவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கிறது. இறக்கினால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்து, ஆடுகிற கையோடு விசையை இழுத்துவிடுகிறார்கள். வகுப்பில் தப்பாகப் பதில் சொன்னால் சாதியைச் சொல்லிச் சிரித்த கூட்டத்தில் படித்த பிள்ளைகள் வேறெப்படி இருப்பார்கள்? பயிற்சியில் ஒவ்வொருவரையும் வேண்டுமென்றே பத்துமுறை கையை இறக்க வைக்கிறோம்.

கருவிச் சோதனையில் விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. காற்று சிலிண்டரின் காலாவதித் தேதியை முன்கூட்டியே பாருங்கள். இரவல் பிஸ்டல் என்றால் கட்டாயம் பாருங்கள். டோக்கியோவில் மனு பாக்கருக்கே போட்டி நடுவில் பிஸ்டல் பழுதானது. பல நிமிடங்கள் போயின, இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்று தவறியது. 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலத்தோடு திரும்பினார். அவருக்கு இரண்டாவது வாய்ப்பு தர ஓர் அமைப்பு இருந்தது. எங்கள் பிள்ளைகளோ பயிற்சிக்கே மதுரைக்கு பஸ் ஏறுகிறார்கள்.

ஒண்டிவீரனுக்கு 2022இல் தபால்தலை வந்தது. ஃபிளெக்ஸ் வைத்தோம், மாலை போட்டோம், சரி. அவர் போரிட்ட நெற்கட்டும்செவல் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. வீரத்தைச் சிலையில் மட்டும் கொண்டாடச் சொல்லும் அரசுக்கு அதில் செலவும் குறைவு. 2025இல் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். அந்த விடுதி ஒன்றில் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமுள்ள ஒரு கூடம், முடிவில் ஒரு உறுதியான சுவர், நான்கு பிஸ்டல், ஒரு பயிற்சியாளர். இவ்வளவுதான் கேட்கிறோம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான நிதியை அவர்களுக்கே செலவிட 2024இல் சட்டமும் போட்டாகிவிட்டது. நிதி இல்லை என்ற பதிலை ஏற்கமாட்டோம்.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். காலை பத்து மணிக்கு வாசலில் இருப்போம். கல்லூரித் தோழர்கள் அடையாள அட்டையோடு வாருங்கள். எந்தத் தெரு என்று நாங்கள் கேட்கமாட்டோம்.