ஆறு வாரக் கூலி எங்கே?

தோழர்களே! ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிச் சாலையைப் பார்த்திருப்பீர்கள். சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்து நடந்தே வரும் தாய்மார்கள்தாம் எத்தனை பேர்! வயிற்று நோவு தீர நேர்ந்துகொண்டவர்களும் அக்கூட்டத்தில் உண்டு. நேர்த்திக்கடனைப் பற்றி வாதாட நாம் வரவில்லை. கருப்பையை எடுத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளிப் பெண்ணுக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைக்கிறது என்பதே நமது கேள்வி.

வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தால் சுமார் ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது என்கிறது மருத்துவம். அடி இறங்கியதையும் தூக்கித் தைத்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வெளித் தையல் சீக்கிரம் ஆறிவிடும். உள்தையல் ஆற வாரக்கணக்காகும். அதற்காகப் படுத்தே கிடப்பதும் தவறு. சிறிது சிறிதாக நடக்க வேண்டும். இல்லையேல் காலில் இரத்தம் உறையக்கூடும். காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்குதல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நமது வீடுகளில் நடப்பதென்ன? நிறைகுடம் ஒன்று பதினைந்து கிலோ. இரண்டாம் வாரமே அவள் இடுப்பில் அது ஏறிவிடுகிறது. மூன்றாம் வாரம் பட்டாசு வேலைக்குத் தரையில் குந்திவிடுகிறாள். ஏன்? வேலை செய்தால்தான் கூலி!

கலைஞர் ஆட்சியில் 2009இல் பிறந்த காப்பீட்டுத் திட்டம், இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாக ஏழையின் அறுவைச் செலவை ஏற்கிறது. பெருமைதான். ஆனால் கத்திக்குப் பணம் உண்டு, கஞ்சிக்கு இல்லை என்றால் நாம் வாளாவிருக்கலாமா?

1961ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரமும், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு இரண்டு வாரமும் சம்பளத்துடன் விடுப்புத் தந்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவை தொடர்கின்றன. கருப்பை நீக்கத்திற்கென ஒரு வரி இல்லை. பக்கத்துக் கேரளத்திலோ, அரசுப் பெண் ஊழியருக்கு இதற்கென்றே 45 நாள் முழுச் சம்பள விடுப்பு! பட்டாசுக்காரிக்கு மட்டும் உடம்பு இரும்பா?

இ.எஸ்.ஐ. உண்டு என்பார்கள். உண்மைதான், நோய்க் காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது தருகிறது. ஆனால் யாருக்கு? பதிவேட்டில் பெயர் உள்ளவளுக்கு!

மராட்டியத்துப் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். மூன்றாண்டில் 4,605 பெண்களுக்குக் கருப்பை நீக்கப்பட்டதாக 2019இல் மேலவையிலேயே அமைச்சர் சொன்னார். கரும்பு வெட்டப் போகும் பெண்கள் அங்கு மிகுதி. ஒருநாள் வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். தேவையற்ற நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் ஏற்க வேண்டுமென்று 2023 ஏப்ரல் 5இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சூலகத்தையும் இளவயதில் எடுத்துவிட்டால் எலும்பு தேயும். ஆகவே கையெழுத்துப் போடுமுன், மருந்தில் தீராதா என்று இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

ஆபத்தான தொழிலென்று மத்திய அரசு அறிவித்தால், ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்கிறது புதிய தொகுப்பு. சாத்தூர், சிவகாசிக் கிளைத் தோழர்கள் தெருத் தெருவாகக் கணக்கெடுக்கட்டும்: எத்தனை பெண்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது? அந்தப் பட்டியலோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம். போகுமுன், அறுவை முடிந்த வீட்டில் விடியற்காலைக் குடத்தை ஆண்தோழர் எடுக்கட்டும். கேலி பேசுகிறவர் ஆறு வாரம் பேசிக்கொள்ளட்டும்.