கழுத்தில் தொங்கிய வில்லை

அந்தமானின் செல்லுலர் சிறையில் கைதியின் கழுத்தைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதில் ஒரு சிறிய மரவில்லை தொங்கும். கைதியின் எண், அவர் எந்தச் சட்டப் பிரிவில் தண்டிக்கப்பட்டார், எந்தத் தேதியில் தண்டனை பெற்றார், எந்தத் தேதியில் விடுதலை என்பதெல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆபத்தான ஆசாமி என்று சர்க்கார் கருதினால் கூடவே 'டி' என்று ஓர் எழுத்து. எதிரில் வருபவர் யார், என்ன செய்துவிட்டு வந்தவர் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பூர்வோத்தரம் முழுவதும் மார்பில் ஆடிக்கொண்டிருந்தது.

வேலைக்கு ஆள் எடுப்பதில் இவ்வளவு வெளிப்படையான ஊர் உலகத்திலேயே குறைவாகத்தான் இருந்திருக்கும். 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கிய நாளிலிருந்து இந்தத் தீவுகளில் காடு வெட்டியதும் சாலை போட்டதும் அதிகாரிகளின் வீடுகளில் சமைத்ததும் குற்றவாளிகள்தாம். பல ஆண்டுகளை ஒழுங்காகக் கழித்த கைதிக்கு ஒரு அனுமதிச் சீட்டு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவர் நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், பெண் கைதி ஒருவரை மணந்து குடும்பமும் நடத்தலாம். அந்தக் குடும்பங்களின் வாரிசுகளுக்குத்தான் 'லோக்கல் பார்ன்' என்று பெயர். இன்றும் அந்தப் பெயரைச் சொல்ல அவர்கள் கூசுவதில்லை.

இந்த ஏற்பாடு தவறியதும் உண்டு. பெஷாவரில் ஆங்கில அதிகாரிகளிடம் வேலை பார்த்தவர் ஷேர் அலி. கொலைக் குற்றத்துக்காக 1867-இல் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். இங்கே நன்னடத்தைக்காரர் என்று பெயரெடுத்ததால் நாவிதராக வெளியே நடமாட விட்டார்கள். 1872 பிப்ரவரி 8 அன்று, தீவுகளைப் பார்வையிட வந்த வைஸ்ராய் மேயோ பிரபுவைக் கத்தியால் குத்திக் கொன்றவர் அவர்தான். சான்றிதழைப் பார்த்து மனிதரைக் கணிப்பதில் உள்ள சங்கடம் அன்றைக்கே தெரிந்த சமாச்சாரம்.

கைதிக் குடியேற்றம் 1945-இல் முடிவுக்கு வந்தது. பிறகு வங்காள அகதிகள் வந்தார்கள். தமிழர்கள் வந்தார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி யூனியன் பிரதேசம் முழுவதிலும் 3.8 லட்சம் பேர். பெரிய தொழிற்சாலைகள் இல்லாத இந்த ஊரில் வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சர்க்கார் உத்தியோகம்தான். அதைப் பெறப் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. 'அட்டெஸ்டேஷன்' படிவம் என்று ஒன்று இருக்கிறது. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? வழக்கு தொடரப்பட்டதுண்டா? இப்போது ஏதேனும் வழக்கு நிலுவையில் இருக்கிறதா? கடந்த ஐந்தாண்டுகளில் ஓராண்டுக்கு மேல் எந்தெந்த ஊர்களில் தங்கியிருக்கிறார்? கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்குக் கப்பலேறிய இளைஞர் என்றால், அவரைப் பற்றிய விசாரணையும் கடலைத் தாண்டிச் சென்னைக்குப் போகும்.

இந்தப் படிவம் தயாரானபோது ஃபேஸ்புக் கிடையாது. அந்தமானைப் பொறுத்தவரை ஒழுங்கான இணைய வசதியே நேற்று வந்ததுதான். அதுவரை செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டம்ளர் தேநீர் குடித்து முடித்துவிடலாம் என்ற நிலை. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் போடப்பட்ட கேபிளைப் பிரதமர் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்தார். போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) தவிர லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று அந்த இழை நீண்டது. தீவு இளைஞர்களின் கோபமும் கேலியும் கட்சிச் சார்பும் அந்த இழை வழியே நாடு முழுக்கப் பயணம் செய்ய ஆரம்பித்தன.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே ஒரு முன்னோட்டம் நடந்துவிட்டது. கொரோனா நோயாளிகளோடு தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்களை வீட்டுத் தனிமையில் வைப்பது ஏன் என்று ட்விட்டரில் கேள்வி கேட்ட போர்ட் பிளேர் பத்திரிகையாளர் ஒருவர் 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு, பின்னர் ஜாமீனில் வந்தார். அவர் அனுபவசாலி, வேலை தேடி அலைபவர் அல்ல. அதே கேள்வியை இருபது வயதுப் பட்டதாரி ஒருவர் கேட்டிருந்தால்? 'கைது செய்யப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு எதிரே ஆயுள் முழுக்க 'ஆம்' என்று எழுதியாக வேண்டும். 'இல்லை' என்று எழுதிப் பிடிபட்டால் அது தனிக் குற்றம். பதிவுக்கும் படிவத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு முதல் தகவல் அறிக்கைதான்.

வழக்கு வராவிட்டாலும் நிம்மதி இல்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவரின் சமூக ஊடக நடத்தையும் பார்க்கப்படும் என்று உத்தராகண்ட் காவல்துறைத் தலைவர் 2021 பிப்ரவரியில் அறிவித்தார். தனியார் நிறுவனங்களோ அறிவிப்பதுகூட இல்லை. மனிதவளத் துறையில் யாரோ ஒருவர் விண்ணப்பத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பெயரைத் தட்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான். வேலை கிடைக்காதவருக்கு, தான் எதனால் கழிக்கப்பட்டோம் என்பது தெரியவே வராது.

தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். எஸ். குமார் என்று தேடினால் எத்தனை குமார்கள்! ஒரு குமார் இனிஷியலைப் பின்னால் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை முழுதாக விரிப்பார், மூன்றாமவர் அபிமான நடிகரின் படத்தை முகத்துக்குப் பதிலாக ஒட்டியிருப்பார். யாரோ ஒரு குமார் நள்ளிரவில் எழுதிய வசவுக்கு வேறொரு குமார் வேலையை இழப்பது நடக்கக்கூடிய காரியமே.

சரியான ஆளையே கண்டுபிடித்தாலும், பார்க்கப்படுவது திறமைதானா என்பது அடுத்த சந்தேகம். அமெரிக்காவில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் அக்விஸ்டியும் ஃபாங்கும் 4,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். விண்ணப்பத்தில் மதம் தெரியாது. சமூக ஊடகப் பக்கத்தைத் தேடிப் போனால்தான் தெரியும். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குடியரசுக் கட்சி செல்வாக்குள்ள பகுதிகளில் கிறிஸ்தவ விண்ணப்பதாரரைவிட முஸ்லிம் விண்ணப்பதாரருக்கு நேர்காணல் அழைப்புகள் மிகக் குறைவு. நம் ஊரில் இந்தச் சோதனையைச் சாதியை வைத்துச் செய்தால் என்ன விடை வரும் என்று ஊகிக்க ஆராய்ச்சியாளர் தேவையில்லை. குலதெய்வக் கோயில் படையல் படம் ஒன்று போதும்.

வேலை கொடுப்பவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முப்படைகளும் சேர்ந்த கூட்டுத் தலைமையகம் 2001 முதல் இயங்கும் தீவு இது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கும்படி ராணுவம் தன் வீரர்களுக்கே 2020-இல் உத்தரவிட்டது. துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ சேர வருபவர் வன்முறையைத் தூண்டி எழுதுகிறாரா என்று பார்ப்பதில் தவறு சொல்ல முடியாது. பள்ளி ஆசிரியர் பெண்களைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று பெற்றோர் கேட்பதிலும் தவறில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு எழுதியதை நேற்று எழுதியதுபோல் படிப்பதுதான் அநியாயம்.

இந்த வித்தியாசம் நீதிமன்றங்களுக்குப் புரிந்திருக்கிறது. டில்லி போலீசில் தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர், இளம் வயதில் தன்மீது இருந்த அடிதடி வழக்கை முதலில் மறைத்தார். இளைஞர்கள் தவறு செய்வார்கள், அதற்காக ஆயுள் முழுக்க முத்திரை குத்தக்கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. விக்டர் ஹியூகோவின் ஜீன் வால்ஜீனைக்கூட அந்தத் தீர்ப்பு நினைவுகூர்ந்தது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதற்கு ஒரு வரையறை தந்தார்கள். உண்மையை மறைக்கக் கூடாது. ஆனால் இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயங்களை மறைத்திருந்தால் வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். அன்று தெருவில் போட்ட கோஷம் இன்று கைப்பேசியில் போடப்படுகிறது. தெருவில் போட்டது காற்றோடு போயிற்று.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, இணையம் எதையும் மறப்பதில்லை என்ற கவலையை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தனியாக எழுதினார். குழந்தைப் பருவத்துத் தடங்கள் வாழ்நாள் முழுக்கத் துரத்தக் கூடாது என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் கழித்து, 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகள் செயலுக்கு வர 18 மாத அவகாசம். வேலை தேடும் இளைஞர் படிக்க வேண்டியது அதன் மூன்றாம் பிரிவை. ஒருவர் தானே பகிரங்கமாக வெளியிட்ட தன் விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. புரியாமல் போய்விடக் கூடாதே என்று உதாரணமும் கொடுத்திருக்கிறது: சமூக ஊடகத்தில் தன் கருத்துகளை எழுதும் ஒருவர்.