துக்கத்துக்கு நாள் குறித்தல்

நம் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் நண்பர் ஒருவர், திருமுல்லைவாயிலில் குடியிருப்பவர், சென்ற ஆண்டு தம் மனைவியை இழந்தார். இருபத்தாறு ஆண்டு இல்லறம். மகன் வெளிநாட்டில் பணிபுரிவதால் பதினாறாம் நாள் செய்யவேண்டிய காரியத்தை ஐந்தாம் நாளே முடித்தார்கள். ஆறாம் நாள் மகன் விமானம் ஏறினான், உறவினர்களும் கலைந்தார்கள். பத்தாம் நாள் நண்பர் வகுப்புக்கு வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் நாம் அவரிடம் பருவத் தேர்வு விடைத்தாள்களைப் பற்றிப் பேசினோம். அவர் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். சில வாரங்கள் கழித்து, ஆவடி நிலையத்தில் மின்தொடர் வண்டிக்குக் காத்திருந்தபோது அவரே சொன்னார்: "எல்லாரும் தைரியமா இருங்கன்னு சொல்றாங்க சார். அவளைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாங்க."

தமிழ் இலக்கியம் கற்பித்து வயிறு வளர்ப்பவர் நாம். அந்தச் சொல்லுக்கு மறுமொழியாக நம்மிடம் ஒன்றும் இல்லை என்பது வெட்கமாக இருந்தது. துணையை இழத்தல் என்னும் நிலைக்குத் தொல்காப்பியமே பெயர் வைத்திருக்கிறது. காதலியை இழந்தவன் நிலை தபுதாரநிலை. காதலனை இழந்தவள் நிலை தாபதநிலை. இரண்டும் காஞ்சித்திணையின் துறைகள். ஆனால் நமக்குக் கிடைத்த பாடல்களைப் பாருங்கள். மனைவியை ஈமத்தீயில் இட்ட பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி நோகும் சேரமான் மாக்கோதையின் புறநானூற்றுப் பாடல் ஒன்று நெஞ்சில் நிற்கிறது. கைம்பெண்களுக்கோ அல்லியரிசி உணவு, முறத்தளவு இடத்தைக் கண்ணீரால் மெழுகிக் கணவனுக்குப் படையல் என்று ஒரு வாழ்க்கைமுறையே வகுக்கப்பட்டிருக்கிறது. தாபதம் என்றால் தவம். அந்தத் தவத்துக்கு முடிவு நாள் இல்லை. பெண்ணுக்கு முடிவில்லாத துக்கம், ஆணுக்கு வடிவமே இல்லாத துக்கம். நம் மரபு விட்டுச்சென்ற கணக்கு இதுதான் என்று தோன்றுகிறது.

இந்த எண்ணத்தில் உழன்றபோதுதான் யூதர்களின் துக்கமுறை பற்றிப் படிக்க நேர்ந்தது. அவர்களைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. இரவில் நம் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து ஓடும் ஆலப்புழை விரைவு வண்டி மறுநாள் காலையில் எர்ணாகுளத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து மட்டாஞ்சேரி அருகில்தான். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடம் அங்கே இன்றும் இருக்கிறது.

யூத நெறி துக்கத்துக்கு நாள் குறிக்கிறது. பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார், வாழ்க்கைத் துணை ஆகியோர் இறந்தால் முறைப்படி துக்கம் காக்க வேண்டும். அடக்கத்துக்கு முன் உடையைக் கிழித்துக்கொள்கிறார்கள். அடக்கம் முடிந்தபின் ஏழு நாள் வீட்டைவிட்டு நீங்காமல் தாழ்ந்த இருக்கையில் அமர்கிறார்கள். எபிரேயத்தில் ஏழைக் குறிக்கும் 'ஷிவா' என்பதே இதன் பெயர். முதல் உணவு சொந்த வீட்டு உணவாக இருக்கக்கூடாது. அண்டை அயலார்தாம் கொண்டுவர வேண்டும். முட்டையும் பருப்பும் வழக்கமான பண்டங்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல் பங்காளிகளும் சம்பந்திகளும் சோறு கொண்டுவரும் நம் வழக்கத்தை இது நினைவூட்டும்.

வந்தவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்த கதையை இதற்குச் சான்றாகக் காட்டுவர். அவர் பேசத் தொடங்கினால், இறந்தவரைப் பற்றியே பேச்சு நடக்கும். ஏழாம் நாள் முடிவில் அவரை எழுப்பி வெளியே சிறிது தூரம் நடத்திச் செல்வது பல சமூகங்களில் வழக்கம்.

அடுத்த எல்லை முப்பதாம் நாள். துணைக்கான முறையான துக்கம் அத்தோடு முடிகிறது. பெற்றோருக்கு மட்டும் பன்னிரண்டு மாதம். கிழித்த உடையிலும் இதே வேறுபாடு உண்டு. பெற்றோருக்காகக் கிழித்ததை முழுமையாகத் தைத்துச் சரிசெய்யக்கூடாது. துணைக்காகக் கிழித்ததை முப்பது நாளுக்குப்பின் தைத்துக்கொள்ளலாம்.

துணையின் இழப்பைச் சிறியதாகக் கருதினார்களோ என்று நமக்கும் முதலில் ஐயம் எழுந்தது. அப்படியில்லை. முதல் மனைவியை இழந்த கணவனுக்கு, அவன் காலத்திலேயே எருசலேம் ஆலயம் இடிந்தது போன்றதாகும் அந்த இழப்பு என்பது தல்மூத்தின் கருத்து. ஒரு சமூகம் ஈராயிரம் ஆண்டாக அழுதுகொண்டிருக்கும் பேரிழப்பை ஒரு தனிமனிதனின் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கும் ஒப்புமை அது. மனைவியை இழந்தவன் மூன்று பெருவிழாக்கள் கடக்கும்வரை மறுமணம் செய்யலாகாது என்ற பொதுவிதியும் உண்டு. முறையான துக்கம் முடிந்தாலும் நினைவு முடிவதில்லை என்பது விதி வகுத்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் ஆண்டுதோறும் இறந்த நாளில் ஒரு முழுநாள் எரியும் விளக்கும் ஏற்றுகிறார்கள்.

துக்க நாள்களில் சொல்லும் 'கதீஷ்' என்ற அரமேய மொழி வழிபாட்டில் சாவைப் பற்றிய சொல்லே கிடையாது, முழுதும் இறைப்புகழ்ச்சி. அதைத் தனியாகச் சொல்லவும் முடியாது. பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். பழைய நெறிப்படி அந்தப் பத்துப் பேரும் ஆண்கள். இக்காலத்தில் பெண்களையும் எண்ணும் யூத சபைகள் பல உண்டு. அதுவே நியாயம் என்பது நம் எண்ணம்.

மட்டாஞ்சேரியில் இடிபட்டது இந்தப் பத்து என்ற எண்தான். 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர் உள்ளூரில் பத்து ஆண்களைச் சேர்ப்பதே அரிதாயிற்று. யூதத் தெருவில் பூத்தையல் கடை நடத்திய சாரா கோஹன் தம் கணவர் ஜேக்கப் கோஹனை 1999-இல் இழந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. சிறுவயதில் அத்தெருவில் அஞ்சலட்டைகள் விற்று, அந்தத் தம்பதியரோடு நெருங்கிப் பழகிய தாஹா இப்ராகிம் என்ற இஸ்லாமியர் அதன்பின் சாராவுக்கு மகனைப்போல் இருந்தார். கடையையும் அவரையும் சேர்த்தே கவனித்துக்கொண்டார். சாரா 2019 ஆகஸ்டில் தமது 96-ஆம் வயதில் மறையும்வரை இது தொடர்ந்தது. அத்தெருவின் மற்றொரு கைம்பெண்ணான குவீனி ஹல்லேகுவாவும் 2024-இல் மறைந்தார்.

பத்துப் பேர் இல்லாத ஊரில் ஒரே ஒருவர், அதுவும் வேறு சமயத்தவர், இருபது ஆண்டு உடனிருந்தார். நெறி கேட்ட எண்ணிக்கை கிடைக்கவில்லை. எண்ணிக்கை எதற்காகக் கேட்கப்பட்டதோ அது கிடைத்தது.

'துக்கம் நாள்காட்டி பார்த்தா வரும், பார்த்தா போகும்?' என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முப்பத்தோராம் நாள் எவர் மனமும் ஆறிவிடுவதில்லை. ஆனால் இந்த நாள்கணக்கு துக்கப்படுபவருக்காக மட்டும் வகுக்கப்பட்டதன்று. முதன்மையாக நம்போன்ற அண்டை அயலாருக்காக வகுக்கப்பட்டது என்பதே நம் கருத்து. என்ன பேசுவது என்று தெரியாமல் விலகி நிற்பவனை அது வீட்டுக்குள் அழைத்து உட்காரவைக்கிறது. பேசாதே, இரு என்கிறது. உணவு கொண்டுவரச் சொல்கிறது. பிறகு எழுப்பி நடத்திச் செல்லவும் சொல்கிறது. பதினாறு நாள் என்று நம் முன்னோர் வகுத்ததிலும் இந்தப் பயன் இருந்திருக்க வேண்டும். நாம் சடங்கை ஐந்து நாளாகச் சுருக்கினோம். உடன் இருப்பதையும் அதோடு சேர்த்துச் சுருக்கிவிட்டோம். சுருக்கியது பிழை என்று சொல்ல வரவில்லை. விடுப்பு, விமானச்சீட்டு, அடுக்குமாடி வாழ்க்கை எல்லாம் நமக்கும் தெரியும். சடங்கு போனாலும் அந்த நாள்களில் போய் உட்காரும் கடமை போகவில்லை என்றுதான் சொல்கிறோம். பெண்கள் மீது சுமத்திய முடிவில்லாத தவத்தை நீக்கவும் வேண்டும். ஆண்கள் அழுவதற்கு இடம் தரவும் வேண்டும். இரண்டுக்கும் வேண்டியது உடனிருப்பவர்களே.

நண்பரின் மனைவிக்குச் சென்ற மாதம் தலைத்திதி. மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். தைரியம் சொல்லவில்லை, ஒன்றுமே பேசவில்லை. நெடுநேரம் கழித்து அவர் உள்ளே போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். அந்த அம்மையார் மார்கழிதோறும் போட்ட கோலங்கள், புள்ளிக் கணக்கோடு. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி எந்த ஆண்டு, எந்த வீட்டு வாசல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாம் வீடு திரும்பும்போது மணி பத்தரை.